சுல்பா மதினியின் வெறுங்கை

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று விடியற்காலையில் நான் தலைக்கு முழுகினேன். தேசிக்காய் பிழிந்து, அதற்கு மேல் ஷாம்பூவும் போட்டு, நகத்தால் சுரண்டிச் சுரண்டி முழுகினேன். தலை முழுக்கக் கொப்புளம். கொப்புளம் உடைந்து நீர் வடிந்து, அந்த நீர் காய்ந்து பொருக்காகி, பொருக்கோடு முடி கற்றை கற்றையாக ஒட்டிக் கிடந்தது. அந்தத் தலையோடு போய் அந்நிய ஆம்பிளை ஒருவருக்கு முன்னால் எப்படி முக்காட்டை நீக்குவது? எங்கள் கண்டக்குழியில் எந்தப் பொம்பிளையைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாள். டொக்டரிடம் போவதென்றால் குளித்து முழுகி, அலுமாரியில் மடித்து வைத்த அபாயாவை எடுத்து உடுத்து, மனுசர் மாதிரிப் போக வேண்டும். தேசிக்காய்ச் சாறு பட்ட எரிவில் கண்ணால் தண்ணீர் ஓடியது. ஆனாலும் நான் விடவில்லை. ஒரு கொப்புளம் மிச்சம் வைக்காமல் உடைத்துத் துடைத்துவிட்டுத்தான் எழும்பினேன்.

அந்த டொக்டர் புண்ணிலிருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். மறுமொழி வந்த அன்று, "தோலின்ட மேல்பக்கமே இதுல இல்ல, புண்ணும் சீழும்தான் தெரியுது. கிருமி உள்ளுக்குப் போயிருக்கும்" என்று சொல்லிக் கிருமிக்குக் குளிசை எழுதினார். அவரைக் குறை சொல்லி என்ன? கொப்புளத்தின் கூரையை நானே கழுவி ஓட்டிவிட்டேன். கூரை பறந்த வீட்டைக் காட்டி, இது எப்படிப்பட்ட வீடு சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? இதெல்லாம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. அன்றைக்குக் குளிசைப் பையோடு பஸ்ஸால் இறங்கி வந்தேன்.

வேலியடியில் சுல்பா மதினி நின்றாள். என் கூடப்பிறந்த ஒரே நானா அபூசாலி. அவருடைய பெண்சாதிதான் சுல்பா. நானா வாயில்லாப் பூச்சி. அவருக்கும் சேர்த்து வாய் வாங்கிக்கொண்டு வந்தவள் மதினி.

"என்னவாம் றஹ்மா?"

"கிருமியாம் மதினி. குளிசை தந்திரிக்காங்க."

அவ்வளவுதான் நான் சொன்னது. மதினி அந்த ஒரு சொல்லை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

கச்சான் காற்று எழும்பினால் எங்கள் பக்கம் வெள்ளைக்காரர் வந்து இறங்குவார்கள். பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலில் சறுக்குகிற கூட்டம். அவர்கள் தங்குகிற லொட்ஜுகளுக்குக் காலைச் சாப்பாடு கொடுத்தது நான்தான். இடியப்பம், தேங்காய்ப்பூச் சம்பல், சொதி. என் இடியப்பத்தைத் தட்டில் வைத்துப் போட்டோ எடுக்காத வெள்ளைக்காரி இல்லை. என் புருசன் நளீம் போட் ஓட்டுகிறவர். கடல் கலங்கினால் அவருக்கு வேலை இல்லை. அந்த மாதங்களில் எங்கள் அடுப்பு எரிந்தது என் இடியப்ப உரலால்தான். மதினியோடு கதைத்து ஒரு கிழமை போகவில்லை, லொட்ஜில் நிற்கிற ஜெனோசன் போன் எடுத்தான். நல்ல பெடியன். இழுத்து இழுத்துக் கதைத்தான்.

"அக்கா, கொஞ்ச நாளைக்குச் சாப்பாடு வேணாமாம். தலையில தொத்து வருத்தம் எண்டு ஆரோ போய்ச் சொல்லியிருக்கினம். முதலாளி பயப்படுறார். சுகமானாப் பிறகு பாப்பம்."

ஆரோ. அந்த ஆரோ யார் என்று கண்டுபிடிக்க நான் மை போட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த நாள் ஸுபஹுத் தொழுதுவிட்டுப் பாயை மடிக்கும்போதே மதினியின் குசினிப் பக்கத்தால் அரிசிமா அவிகிற வாசம் வந்தது. வெளிச்சம் வர, என்னுடைய சிவப்புப் பெட்டியைப் போலவே ஒரு சிவப்புப் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு நானா லொட்ஜுப் பக்கம் போனார். என் வீட்டைத் தாண்டும்போது மட்டும் குனிந்து, இல்லாத தூசியைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

நான் மதினியைச் சபிக்கவில்லை. நல்லவள் என்பதற்காக இல்லை. சபித்தால் கணக்கு அல்லாஹ்விடம் போய்விடும், அவன் பொறுமையானவன், ஆறுதலாகத்தான் பார்ப்பான். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. நளீம் பாயில் கிடந்துகொண்டு, "விடு புள்ள, ரிஸ்க் அல்லாஹ்ட கையில, சோறு தாறவன் அவன்" என்றார். விடுவதற்கு அது என்ன பட்டமா? தலையணையில் ஒட்டிய பொருக்கு காலையில் தலையை எடுக்கும்போது பிய்ந்து வரும். அந்த நோவோடு எழும்பி உட்கார்ந்து, மதினியின் குசினிப் புகையைப் பார்த்துக்கொண்டு, என்றைக்கோ ஒருநாள் இவள் என் காலடிக்கு வருவாள், அன்றைக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொள்வேன். அந்த மாதங்களில் எனக்கு மருந்தென்று வேலை செய்தது அது ஒன்றுதான்.

இதற்கிடையில் மதினியின் மகள் றிஷ்னாவுக்குத் தில்லையடியில் மாப்பிள்ளை பேசினார்கள். பையன் ஸப்ராஸ், மருந்துக்கடை வைத்திருக்கிறவன். அவனுடைய உம்மா நுஸ்ரா வலு கண்டிப்பான ஆள். இருக்கிற கதிரையைத் துடைத்துவிட்டுத்தான் இருப்பாள். இதற்கு முன் பேசிய ஒரு பெண்ணை, நாளும் குறித்த பிறகு, பெண்ணின் மாமாவுக்கு வலிப்பு வருகிறதென்று யாரோ சொல்லக் கேட்டு, ஒரே சொல்லில் வேண்டாமென்றவள். ரத்தத்தில் இருந்தால் ரத்தத்தில் வரும் என்றாளாம். இது புத்தளம் முழுக்கத் தெரிந்த கதை. பேச்சு நாளில் நானும் போனேன். பெண்ணுக்கு ஒரே மாமி நான், போகாமல் எப்படி? வந்தவர்கள் எல்லாருக்கும் கண்ணாடிக் கிளாஸில் சர்பத் வந்தது. எனக்கு மட்டும் மதினி ஒரு கடதாசிக் கப்பில் கொண்டுவந்து, கையில் தராமல், பக்கத்தில் இருந்த ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனாள். குடித்துவிட்டு அந்தக் கப்பை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே கசக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அன்றைக்கு அதைக் கண்டவள் றிஷ்னா. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அடுத்த கிழமை பின்வேலியால் வந்து, "மாமி, கொழும்புக்குப் போவோம். தோலுக்கெண்டே பெரிய டொக்டர்மார் இரிக்காங்க. உம்மாக்கிட்ட பிளவுஸ் துணி எடுக்கப் போறன் எண்டு செல்லிக்கொள்றன்" என்றாள். உன் உம்மா செய்ததற்கு நீ என்ன ஈடு கட்டப் பார்க்கிறாயா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் நிற்காது. சின்னதில் என் மடியில் கிடந்துதான் நித்திரை கொள்வாள். அவள் நல்லவளாகப் பிறந்தது எனக்குப் பெரிய இடைஞ்சல்.

கொழும்பில் இருந்தது ஒரு பெண் டொக்டர், நிஷாந்தினி என்று பெயர், யாழ்ப்பாணத்துப் பேச்சு. என் தலையைப் பார்த்த உடனே கேட்ட கேள்வி, "ஏன் இப்பிடித் தேய்ச்சுக் கழுவியிருக்கிறியள்?" என்பதுதான். அவருக்கும் முழுகிவிட்டுத்தானே போயிருந்தேன்.

"அடுத்த முறை வரேக்க முழுகாதேங்கோ, எண்ணெயும் வைக்காதேங்கோ. ஒரு புதுக் கொப்புளம் எழும்பினா அதை உடைக்காமக் கொண்டு வாங்கோ."

கொப்புளத்தை முட்டை கொண்டுபோவதுபோலக் கொண்டுபோனேன். பஸ்ஸில் யாரும் இடித்துவிடுவார்களோ என்று றிஷ்னா என் தலைக்கு வெளியே தன் கையை வளைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். டொக்டர் முதலில் புண்ணுக்குப் பக்கத்தில், நல்ல தோலில் விரலை வைத்து ஒரு பக்கமாக அழுத்தித் தேய்த்தார். அவித்த தக்காளித் தோல் மாதிரி அது வழுகி வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற, டொக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு விறைப்பு ஊசி போட்டு, புதுக் கொப்புளத்தின் கரையில் ஒரு துண்டு, கொப்புளத்துக்கு அப்பால் நல்ல தோலில் ஒரு துண்டு என்று இரண்டு எடுத்தார். இரண்டுக்கும் வேறு வேறு போத்தல், வேறு வேறு தண்ணீர். மாறிப் போட்டால் ஒன்றும் தெரியாதாம்.

மறுமொழி சொல்ல வரச்சொன்ன அன்று அறை நிறைய வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள். ஆம்பிளையும் பொம்பிளையும். என்னை நடுவில் கதிரையில் இருத்தி, முக்காட்டை எடுக்கச் சொல்லி, ஒவ்வொருவராக வந்து தலையைக் குனிந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போய் எல்லாரும் ஒரு கொம்பியூட்டர் திரைக்கு முன்னால் நின்று இங்கிலீசில் கதைத்தார்கள். திரை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தலை, என் தோல், என் துண்டு. நான் மட்டும் பார்க்கக் கூடாதா?

"டொக்டர், என்ட தலைய எல்லாரும் பாத்தீங்கதானே. அதுல என்ன இரிக்கெண்டு எனக்கும் காட்டுங்க."

றிஷ்னா என் கையைப் பிடித்து அமத்தினாள். டொக்டர் சிரித்தார். சிரித்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார்.

றோஸும் ஊதாவுமாக ஏதோ பூப்போட்ட சீலைத் துண்டு மாதிரி இருந்தது. இதுதான் தோலின் வெட்டுமுகம், பலமடங்கு பெருப்பித்தது என்றார். மேலே ஒரு தடித்த பட்டி, கீழே ஒரு பட்டி, இடையில் வெறும் வெளி. அந்த வெளிதான் கொப்புளமாம். வெளிக்குள் உருண்டை உருண்டையாகச் சில தனித்தனியே மிதந்தன.

"இதுகள் கலங்கள் அம்மா, செல் எண்டும் சொல்லுவினம். செங்கல்லும் சீமெந்தும் மாதிரி ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுகள். உங்களுக்கு அந்தச் சீமெந்து விட்டுப் போச்சுது. அதாலதான் இப்பிடிக் கழண்டு உருண்டு மிதக்குதுகள். கீழ் வரிசையைப் பாருங்கோ. அது மட்டும் அடியில பிடிச்சுக்கொண்டு நிக்குது, பக்கத்தில உள்ளதைத் தொடாம. கல்லறைக் கல்லு வரிசை எண்டு நாங்கள் சொல்லுவம்."

பார்த்தேன். எங்கள் மையவாடியில் மீசான் கட்டைகள் நிற்கிற நிலைதான். பக்கத்தில் பக்கத்தில், ஒன்றும் ஒன்றும் தொடாமல், நிமிர்ந்து. என் தலைக்குள் இத்தனை மீசான் கட்டையா? பிளவு முடியின் வேரோடும் இறங்கிப் போயிருக்கிறது, தலையில் ஆறுவதற்குச் சுணங்குவது அதனால்தான் என்று ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். அடுத்த படம் ஒரே இருட்டு. இருட்டுக்குள் பச்சையாக ஒரு வலை மினுங்கியது. நண்டு வலை மாதிரிச் சின்னக் கண் வலை.

"இது உங்கட நல்ல தோலில எடுத்த துண்டு. இந்தப் பச்சைதான் ஆதாரம். ரத்தத்தில பிறபொருளெதிரி எண்டு ஒரு காவல்காரன் இருக்கிறான். வெளியில இருந்து வாற கிருமியை அடிக்கிறது அவன்ட வேலை. உங்கட காவல்காரன் உங்கட சொந்தத் தோலையே வெளியாள் எண்டு நினைச்சிட்டான். கலத்துக்குக் கலம் இடையில போய் இருந்துகொண்டு சீமெந்தைப் பிடுங்குறான்."

வெளியில் ஒரு மதினி போதாதென்று ரத்தத்துக்குள்ளேயும் ஒரு மதினி. நான் அதைச் சொல்லவில்லை. வேறு ஒன்றைக் கேட்டேன்.

"இது தொத்துமா டொக்டர்?"

"இல்லை. ஒருத்தருக்கும் தொத்தாது. சமைக்கலாம், சேர்ந்து சாப்பிடலாம், பிள்ளையளைத் தூக்கலாம்."

"இன்னொருக்காச் செல்லுங்க."

"தொத்தாது அம்மா. உண்மையாச் சொன்னா நீங்கள்தான் மற்றவையிட்ட இருந்து கவனமா இருக்கோணும். இனித் தரப்போற குளிசை உங்கட எதிர்ப்பைக் குறைக்கும். ஆற்றையும் ஊத்தைக் கை புண்ணில பட்டா உங்களுக்குத்தான் கிருமி தொத்தும். குளிசை குடிச்சாக் கோவமும் கொஞ்சம் கூட வரலாம், வீட்டில சொல்லி வையுங்கோ."

றிஷ்னா சிரித்துவிட்டாள். கோபத்துக்கு என் மாமிக்குக் குளிசை தேவையில்லை என்று நினைத்திருப்பாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு அவள் ஒன்று கேட்டாள். கேட்காமல் விட்டிருக்கலாம்.

"இது குடும்பத்துல வாறதா டொக்டர்?"

"தாய் தகப்பனிட்ட இருந்து பிள்ளைக்கு இறங்கிற வருத்தம் இல்லை. சில ரத்தத்தில அந்த வாய்ப்புக் கொஞ்சம் கூட இருக்கலாம், அவ்வளவுதான். குடும்பத்தில இன்னொராளுக்கு வாறது வலு அருமை, வராதெண்டே சொல்லலாம். பயப்பிட ஒண்டுமில்லை."

கொழும்பு பஸ்ஸில் யன்னல் கரையில் இருந்துகொண்டு, நான் வீடு வீடாகப் போகிற வரிசையை மனதுக்குள் போட்டேன். முதலில் லொட்ஜ் முதலாளி. பிறகு பள்ளிவாசல் ஒழுங்கை முழுக்க. கடைசியாக மதினியின் வாசல், பேச்சு நாளுக்கு வந்த அத்தனை பொம்பிளைகளையும் கூட்டிக்கொண்டு. எனக்குத் தொத்து இல்லை, என் ரத்தம் என் தோலோடு சண்டை பிடிக்கிறது, பொய் சொல்லி என் அடுப்பை அணைத்தவள் இதோ நிற்கிறாள் என்று சொல்லுவேன். சொல்லிப் பார்க்க இனித்தது. பஸ் முந்தல் தாண்டும்போதுதான் பக்கத்தில் இருந்த பிள்ளை சிலாபத்திலிருந்தே ஒரு சொல்லும் கதைக்கவில்லை என்பதைக் கவனித்தேன். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ரத்தம் என்று நான் வாய் திறந்தால் அந்த ரத்தம் யாருடையது? என் ரத்தம் நானாவின் ரத்தம். நானாவின் ரத்தம் இந்தப் பிள்ளையின் ரத்தம். வலு அருமை, பயப்பிட ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்ன பாதியை நுஸ்ராவின் காது எடுக்கவா போகிறது? மாமாவின் வலிப்புக்கு ஒரு பெண்ணை விட்டவள், மாமியின் கொப்புளத்துக்கு இன்னொன்றை விடுவாள். என் பெயர் கழுவப்பட வேண்டுமானால் றிஷ்னாவின் கலியாணம் போகும். றிஷ்னாவின் கலியாணம் நடக்க வேண்டுமானால் நான் தொத்துக்காரியாகவே சாக வேண்டும்.

"மாமி, நீங்க செல்ல வேண்டியத செல்லுங்க. உங்கட பேருதானே" என்றாள் றிஷ்னா, வெளியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு.

அவள் அழுதிருந்தால், செல்லாதீங்க மாமி என்று காலைப் பிடித்திருந்தால், எனக்கு இலேசாக இருந்திருக்கும். சரி மகள், உன் உம்மாவும் இப்படி ஒருநாள் யோசித்திருக்கலாமே என்று கேட்டிருப்பேன். இப்படிப் பெருந்தன்மையாகக் கதைத்தால் மனுசர் என்ன செய்வது? எரிச்சலோடு அவள் தலையைத் தடவிவிட்டேன்.

குளிசை குடிக்கத் தொடங்க முகம் ஊதியது, பசி எடுத்தது, புதுக் கொப்புளம் வருவது குறைந்தது. தலை மட்டும் டொக்டர் சொன்னதுபோலவே சுணங்கியது. கலியாணத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் சிவப்புப் பெட்டி என் வாசலைத் தாண்டிப் போனதைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தேன். நுஸ்ராவின் நம்பர் என்னிடம் இருந்தது.

"நுஸ்ரா ராத்தா, உங்களோட ஒரு விசயம் கதைக்கோணும். போன்ல ஏலாது."

"நல்லதாப் போச்சு. இண்டைக்குக் கண்டக்குழிக்கு வாறன், கலியாணச் சாப்பாட்டுக்கு இடம் பாக்க. பின்னேரம் அசருக்குப் பொறகு உங்கட வீட்டுப் பக்கம் வாறன்."

அவள் வந்தால் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாதென்று சொன்னால் அது பொய். ரத்தக் கதை ஒன்று, கிருமிக் கதை ஒன்று, இரண்டையும் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். இரண்டும் வாயில் நன்றாகத்தான் இருந்தன.

அசருக்குப் பாங்கு சொல்ல முன்னம் வந்தது நுஸ்ரா இல்லை, மதினி. மாதக்கணக்கில் என் வாசலை மிதிக்காதவள், கையில் ஒரு தட்டு வட்டிலப்பம், தேங்காய்ப்பாலில் அவித்த இனிப்பு. நான் முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன், தலை கழுவுவதற்கு உப்புத் தண்ணீர் ஆற வைத்திருந்தேன். வட்டிலப்பத்தை வாங்கவில்லை. அவள் அதைத் திண்ணையில் வைத்தாள்.

"றிஷ்னா எல்லாம் செல்லினா. கொழும்புக்குப் போனது, டொக்டர் காட்டினது. நேத்து எனக்கு நல்லா ஏசினா. உனக்குத் தொத்து இல்லையாமே. அல்ஹம்துலில்லாஹ்."

"ஓம் மதினி. அல்ஹம்துலில்லாஹ்."

"ஆனா றஹ்மா, ரத்தம் எண்டு மட்டும் ஒருத்தருக்கும் செல்லிராத. அந்த நுஸ்ராவ உனக்குத் தெரியும்தானே. என்ட புள்ளைட வாழ்க்கை போயிரும். உன்ட நானாட புள்ள."

"அப்ப என்னண்டு செல்ல?"

"கிருமி எண்டே இரிக்கட்டும். நல்ல மருந்து கிடைச்சுச் சுகமாயிட்டு எண்டு செல்லுவோம். நானே ஊரெல்லாம் செல்றன்."

ஊரெல்லாம் சொல்வதில் அவளுக்கு ஒரு குறையுமில்லை. என் வாயை அடைத்து, என்மேல் போட்ட பொய்யை என் கையாலேயே ஒப்பமிடச் சொல்லி வந்திருக்கிறாள். வட்டிலப்பத்தோடு. இடியப்பத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. மாப் செய், மன்னித்துக்கொள் என்று ஒரு சொல் இல்லை. எனக்கு உள்ளே கொதித்த கொதிப்பில் அந்த உப்புத் தண்ணீரைத் திரும்பச் சூடாக்கியிருக்கலாம். ஆனால் என் குரல் எனக்கே ஆச்சரியமாக அமைதியாகத்தான் வந்தது.

"அத யோசிப்போம் மதினி. முதல்ல இந்தத் தலையக் கழுவி விடுங்க. எனக்கு எட்டுதில்ல."

மதினி என் தலையைப் பார்த்தாள். முதல்முறையாகப் பார்த்தாள். முக்காடு இல்லாத தலை, பொருக்கும் சிவப்புமாக, இடையிடையே முடி. அவளுடைய கண் கொடியில் காய்ந்த பொலித்தீன் பையைத் தேடிப் போனது.

"பை வேணாம். வெறுங்கை."

"இல்ல, நான் சும்மா..."

"தொத்து இல்லதானே மதினி? தெரிஞ்சுதானே வந்தீங்க. அங்க சவுக்காரம் இரிக்கு. முழங்கை வரைக்கும் போட்டு நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க. உங்கட கையில உள்ளது எனக்குத் தொத்தினாக் கூடாதாம், டொக்டர் செல்லினாங்க."

அவள் முகம் கறுத்தது. ஆனாலும் குழாயடிக்குப் போனாள். அவள் சவுக்காரம் தேய்த்த நேரம் முழுக்க நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் இடுக்கு என்றேன், விரல் இடுக்கைத் தேய்த்தாள். நகம் என்றேன், நகத்தைத் தேய்த்தாள். பக்கத்து வீட்டு றஹ்மத் உம்மா உடுப்புக் காயப்போட வந்தவள், உடுப்பைக் கையில் பிடித்தபடி வேலிக்கு அப்பால் நின்றுவிட்டாள். நல்லது, நிற்கட்டும்.

மதினி என் பின்னால் வந்து நின்று, துணியை உப்புத் தண்ணீரில் நனைத்து வைத்தாள். பொருக்கு ஊற வேண்டும், ஊறிய பிறகு விரலால் மெல்ல எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். முதல் பொருக்கை இரண்டு விரல் நுனியால் மட்டும் பிடித்து எடுத்தாள். நீர் கசிந்து அவள் விரலில் பட்டிருக்கும், மூச்சைப் பிடித்தாள். எனக்கு நொந்தது. நான் காட்டவில்லை. எத்தனை மாதமாக யாரும் தொடாத தலை அது. நளீம்கூடத் தலையணைக்கு இடைவெளி விட்டுத்தான் படுப்பார். அந்தத் தலைக்கு இந்தக் கையா கிடைக்க வேண்டும் என்று நினைக்கும்போது, எனக்கு விருப்பமில்லாமலே கண் சொருகியது. என் உடம்பு இருக்கிறதே, அதற்கு எதிரி யார் சொந்தக்காரர் யார் என்று எப்போதுமே தெரிந்ததில்லை.

"நோவுதா?" என்று கேட்டாள் மதினி. உண்மையாகக் கேட்ட மாதிரித்தான் இருந்தது.

"நோவும்தான். நீங்க செய்ங்க."

அப்போது ஒழுங்கையில் வேன் சத்தம் கேட்டது. மதினி அதைக் கவனிக்கவில்லை. வேன் என் படலைக்கு முன்னால் நின்று கதவு திறந்தபோதுதான் கவனித்தாள். தில்லையடி வேன். நுஸ்ரா கறுப்பு அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மணலைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கினாள். மதினி என் பக்கம் குனிந்தாள்.

"நீயா வரச்சொன்ன?" குரல் என் காதுக்கு மட்டும்தான் கேட்டது.

"ஓம்."

"றஹ்மா..."

"கைய எடுக்காதீங்க மதினி. எடுத்தா அவங்க பாப்பாங்க."

நுஸ்ரா படலையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஸலாம் சொன்னாள். நான் பதில் ஸலாம் சொன்னேன். நுஸ்ரா எனக்கு எதிரே கிடந்த கதிரையைக் கைலேஞ்சியால் துடைத்தாள். இருக்கவில்லை. அவளுடைய கண் என் தலையில் நின்றது, பிறகு தலைக்குள் கிடந்த மதினியின் கையில் நின்றது.

"என்ன வருத்தம் இது? கை போட்டுக் கழுவுறீங்க? தொத்து எண்டெல்லவா சம்மந்தி அண்டைக்கு எனக்கிட்ட செல்லினீங்க?"

இரண்டு கதை நான் வைத்திருந்தேன். இரண்டையும் அந்த நேரத்தில் விழுங்கினேன். அதைவிட நல்லது ஒன்று கைக்கு வந்துவிட்டது. மதினி கிருமி என்று சொன்னால், ஊருக்கெல்லாம் இடியப்பம் அவிக்கிற கை, நாளைக்குச் சம்மந்தி வீட்டுக்குச் சோறு போடப்போகிற கை, அந்தக் கிருமிக்குள் மணிக்கட்டு வரைக்கும் கிடக்கிறது. ரத்தம் என்று சொன்னால் போவது அவளுடைய மகள். என் மருமகள். பஸ்ஸில் அந்தப் பிள்ளை உப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் ஒருகணம் வந்தது. வந்ததுதான், ஆனாலும் என் வாய் நிற்கவில்லை.

"எனக்கு வடிவாச் செல்லத் தெரியாது ராத்தா. மதினிக்குத்தான் எல்லாம் தெரியும்." தலையைக் கொஞ்சமும் அசைக்காமல் சொன்னேன். "செல்லுங்க மதினி. உங்கட வாயாலேயே செல்லுங்க."

காற்றுக்குக் கொடியில் பொலித்தீன் பை படபடத்தது. றஹ்மத் உம்மா வேலியில் இன்னும் ஒரு அடி கிட்ட வந்தாள். மதினி என் தலையை இறுக்கிப் பிடித்தாள், விழுந்துவிடாமல் எதையோ பிடிக்கிறவள் மாதிரி. அவளுடைய பெருவிரலுக்குக் கீழே தோல் மெல்ல வழுகி விட்டுக் கொடுத்தது எனக்குத் தெரிந்தது. வெதுவெதுப்பான நீர் என் நெற்றியால் இறங்கியது. மிச்சம் அவள் மணிக்கட்டால் வழிந்து, தங்கக் காப்பை நனைத்து, முழங்கையால் மணலில் சொட்டியது. அவள் வாயைத் திறந்தாள்.